வைரஸ் தினமும் மாறுகிறது, பெருந்தொற்று ஏன் தினமும் வருவதில்லை?

கேள்வி இதுதான்: "வைரஸ்கள் ஓயாமல் உருமாறுகின்றன என்கிறார்கள். அப்படியானால் உருமாற்றத்தால் புதிய பெருந்தொற்று வைரஸ் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை உருவாகும்? கோவிட் மாதிரி இன்னொன்று அடுத்த வருடமே வரலாமா?"

வரலாம், ஆனால் வாய்ப்பு குறைவு. எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம்.

1889 தொடங்கி இன்றுவரை உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் பெருந்தொற்றுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1889, 1918, 1957, 1968, 1977, 2009 ஆகிய ஆண்டுகளில் கிளம்பியவை ஆறு, அத்தனையும் ஃப்ளூ (1889 மட்டும் சந்தேகம்). 2019 கடைசியில் கிளம்பிய கோவிட் ஒன்று. இவற்றுக்கு நடுவே பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் பரவிய எச்.ஐ.வி. ஒன்று. மொத்தம் எட்டு. ஜிகா, குரங்கம்மை எல்லாம் எங்கே என்று நீங்கள் சண்டைக்கு வரலாம், அவற்றை நான் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஏறக்குறைய 135 ஆண்டில் எட்டு என்றால் சராசரியாக 17 ஆண்டுக்கு ஒன்று. இவற்றில் கோடியைத் தாண்டி உயிர் பறித்தவை 1918 ஃப்ளூ, எச்.ஐ.வி., கோவிட் ஆகிய மூன்றுதான்.

இந்தச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு "2020 கூட்டல் 17, அப்போ 2037" என்று யாராவது ஜோசியம் சொன்னால் நம்பாதீர்கள். 1918க்கும் 1957க்கும் நடுவே 39 ஆண்டு இடைவெளி, 1968க்கும் 1977க்கும் நடுவே வெறும் 9. இது கடிகாரம் மாதிரி ஓடுவதில்லை, ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தாயம் உருட்டுகிற மாதிரி. ஆண்டுக்கு 6 சதவீத வாய்ப்பு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், அடுத்த பத்தாண்டில் ஒன்றாவது வருவதற்கு 46 சதவீத வாய்ப்பு வருகிறது, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதே கணக்கில் 40 ஆண்டு எதுவுமே வராமல் போகவும் 8 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கோவிட் அளவுக்குக் கடுமையான ஒன்று என்றால் எண் குறையும். பழைய தொற்றுகளின் தரவை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு அதை ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் என்று கணித்தது, ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் பார்க்க நேரும் வாய்ப்பு 38 சதவீதம்.

போகிற போக்கில் ஒன்று. 1720, 1820, 1920, 2020 என்று "நூறு ஆண்டுக்கு ஒரு முறை" வரும் என்றொரு ஃபார்வர்டு இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் 1720 என்பது மார்செய் நகரத்துப் பிளேக், 1820 என்பது காலரா, இரண்டுமே பாக்டீரியா நோய்கள். ஃப்ளூ 1920இல் தொடங்கவில்லை, 1918இல் தொடங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது, பனம்பழம் விழுந்த இடத்துக்கெல்லாம் காக்கையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சரி, கேள்வியின் உள்ளே ஒளிந்திருக்கும் விஷயத்துக்கு வருவோம். "உருமாற்றத்தால் உருவாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன எட்டில், ஏற்கெனவே மனிதர்களிடம் பரவிக்கொண்டிருந்த ஒரு வைரஸ் படிப்படியாக எழுத்து எழுத்தாக மாறி, அதனால் மட்டுமே புதிய பெருந்தொற்றாக வெடித்தது என்று எதையும் சொல்ல முடியாது. உருமாற்றம் எல்லாவற்றிலும் பங்கெடுத்திருக்கிறது, ஆனால் கதவைத் திறந்துவிட்டது பெரும்பாலும் வேறொன்று.

ஏன் என்று புரிய, உருமாற்றம் எவ்வளவு மலிவானது என்று பார்க்க வேண்டும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக எழுதுகிறார், எழுதியதைத் திரும்பப் பார்ப்பதில்லை, அதனால் பிரதிக்குப் பிரதி பாடபேதம். ஃப்ளூ, எச்.ஐ.வி. போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தம்மைப் பெருக்கிக்கொள்வது இப்படித்தான். கொரோனா வைரஸிடம் மட்டும் மெய்ப்புத் திருத்தும் நொதி ஒன்று இருப்பதால் பிழை கொஞ்சம் குறைவு. அந்தக் கொரோனாவையே எடுத்துக்கொள்வோம். அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் வேறு மூன்றாக மாறலாம், ஆக மொத்தம் 90,000 ஒற்றை மாற்றங்கள் சாத்தியம். ஒரு முறை பெயர்த்தெழுதும்போது ஓர் எழுத்து பிழையாக வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும். நோய் உச்சத்தில் இருக்கும் ஒருவர் உடம்பிலோ நூறு கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை வைரஸ் துகள்கள். பெருக்கிப் பாருங்கள். அந்த 90,000 மாற்றங்களில் ஏறக்குறைய எல்லாமே, ஒரே ஆளின் மூக்கிலும் நுரையீரலிலும், ஒரே வாரத்தில், ஒரு தடவையாவது நடந்து முடிந்திருக்கும்.

அப்படியானால் உலகம் ஏன் தினமும் அழியவில்லை? மாற்றங்களில் பெரும்பகுதி வைரஸுக்கே கேடு, அந்தப் பிரதி பிழைக்காது. மிச்சத்தில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. நல்ல மாற்றம் ஒன்று வந்தாலும் அது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் வாசல் குறுகுகிறது: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும்போது, ஃப்ளூவிலும் சரி கோவிடிலும் சரி, அங்கே போய் நிலைகொண்டு குடும்பத்தைத் தொடங்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வைரஸ்தான். கோடிக்கணக்கான பாடபேதங்களில் மற்றவை அத்தனையும் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால்தான் ஒருவர் உடம்புக்குள் அத்தனை அமளி நடந்தும், உலகில் சுற்றும் கோவிட் வம்சாவளியில் நிலைத்த மாற்றங்கள் சராசரியாக மாதத்துக்கு இரண்டுதான் சேர்ந்தன.

ஆக, பெருந்தொற்றுக்கு மூலப்பொருளாக உருமாற்றம் எப்போதும் கிடைக்கிறது, அதற்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வேறு இடத்தில். எந்த வைரஸை உலக மக்களில் பெரும்பாலோரின் உடம்பு முன்பு பார்த்ததே இல்லையோ, அந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு லேசாகப் பரவவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றில் சேர்வதுதான் அபூர்வம். மனிதர்களிடம் பழகிய வைரஸுக்குப் பரவத் தெரியும், ஆனால் அதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். விலங்கு வைரஸ் நமக்குப் புதிது, ஆனால் அதற்கு நம்மிடையே பரவத் தெரியாது.

ஃப்ளூ இந்தச் சிக்கலைக் குறுக்கு வழியில் தீர்க்கிறது. அதன் மரபணுக்கள் ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கின்றன. மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால், இரண்டு புத்தகங்களின் ஏடுகளைக் கலந்து கட்டிய மாதிரி 256 விதமான சேர்க்கைகள் சாத்தியம். 1957இல் வந்த வைரஸ் பழைய மனித ஃப்ளூதான், பறவை ஃப்ளூவிலிருந்து மூன்று துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்தது. 1968இல் வந்தது இரண்டு துண்டுகள் வாங்கியது. இரண்டு முறையும் வாங்கியவற்றில் ஒன்று, நம் நோய் எதிர்ப்பு மண்டலம் முதலில் அடையாளம் காணும் மேற்புறப் புரதத்துக்கானது. முகம் புதிது, உள்ளே பழகிய ஆள். 2009 வைரஸ் பன்றிகளிடையே சுற்றிய இரண்டு வம்சங்கள் கலந்து பிறந்தது, அந்த வம்சங்களில் ஒன்றே பறவை, மனித, பன்றித் துண்டுகளின் கதம்பம். எழுத்துப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து நூறாண்டில் எட்ட வேண்டிய தூரத்தை ஒரே தாவலில் கடந்துவிடுகிற வழி இது. 1918 வைரஸின் பூர்வீகம் பறவை ஃப்ளூ என்பது வரை தெரிகிறது, அது மனிதரிடம் நேரே வந்ததா கலந்து வந்ததா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. 1889இல் வந்ததை ஃப்ளூ என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், இப்போது சிலர் அது மாட்டிலிருந்து வந்த ஒரு கொரோனா வைரஸாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த வைரஸின் இன்றைய வாரிசு சாதாரண ஜலதோஷம் தருகிற ஓசி43. அதன் உருமாற்றங்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் மாட்டு வைரஸிலிருந்து பிரிந்த காலம் 1890ஐ ஒட்டி வருகிறது என்பதுதான் முக்கியமான வாதம். நிரூபணம் ஆகவில்லை.

1977 கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே உருமாற்றம் *இல்லாததுதான்* துப்பு. 1957க்குப் பிறகு மனிதர்களிடமிருந்து காணாமல் போயிருந்த எச்1என்1 ஃப்ளூ, சீனாவிலும் சோவியத் ரஷ்யாவிலும் திடீரென்று தலைகாட்டியது. மரபணுவைப் பார்த்தால் 1950 வாக்கில் சுற்றிய வைரஸின் அச்சு. இருபத்தைந்து ஆண்டு வெளியில் எங்காவது பரவியிருந்தால் மாற்றங்கள் குவிந்திருக்க வேண்டும், குவியவில்லை. அந்தக் காலம் முழுவதும் அது உறைநிலையில் இருந்திருக்கிறது. தடுப்பூசிச் சோதனையிலோ ஆய்வகத்திலோ நடந்த தவறால் வெளியே வந்தது என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. இளையவர்கள்தான் அதிகம் படுத்தார்கள், வயதானவர்கள் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

சரி, விலங்கிலிருந்து நேரடியாகத் தாவும் வைரஸ்கள்? இவற்றில் எத்தனைக்கு ஒன்று பெருந்தொற்றாகும் என்று ஓரளவு எண்ணிப் பார்க்க முடிகிற ஒரே இடம் எச்.ஐ.வி. அது ஒரு தடவை தாவிய வைரஸ் இல்லை. சிம்பன்சி, கொரில்லாவிடமிருந்து நான்கு தடவை தனித்தனியாக மனிதருக்கு வந்திருக்கிறது. எம், என், ஓ, பி என்று நான்கு குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். எச்.ஐ.வி.-2 என்ற இன்னொரு வகை மங்காபி குரங்கிடமிருந்து குறைந்தது ஒன்பது தடவை வந்திருக்கிறது. ஆக நமக்குத் தெரிந்தே 13 தாவல்கள். உலகம் முழுக்கப் பரவியது எம் குழு ஒன்று மட்டும். பி குழுவும் என் குழுவும் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரோடு நின்றுவிட்டன. காரணத்தில் ஒரு பங்கு உருமாற்றம்தான்: செல்லிலிருந்து கிளம்பும் புதிய வைரஸ்களைக் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்க நம்மிடம் டெதரின் என்றொரு புரதம் இருக்கிறது, எம் குழு அந்தக் கயிற்றை அறுக்க நன்றாகக் கற்றுக்கொண்டது, மற்றவற்றுக்கு அந்த அளவு கைகூடவில்லை. இன்னொரு பங்கு இடமும் காலமும். கேமரூன் நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் தொடங்கிய எம் குழு, 1920 வாக்கில், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த கின்ஷாசா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரயிலும் படகும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1981இல் மருத்துவர்கள் நோயைக் கவனித்தபோது வைரஸ் மனிதர்களிடம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தோற்றவர்கள் பட்டியல் இன்னும் நீளம். மெர்ஸ் வைரஸ் 2012இல் தெரிய வந்ததிலிருந்து ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்கு எத்தனையோ தடவை தாவிவிட்டது, 2,600 பேரளவில் உறுதியான நோயாளிகள், அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள், ஆனாலும் மருத்துவமனைகளைத் தாண்டி அதற்கு ஓடத் தெரியவில்லை. 2003இல் சார்ஸ் 8,096 பேரோடு அடங்கியது. சீனாவில் 2013 முதல் ஐந்து அலைகளாக வந்த எச்7என்9 பறவைக் காய்ச்சல் 1,500 பேருக்கு மேல் தொற்றியது, 2017இல் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டதும் ஏறக்குறைய நின்றே போனது.

உருமாற்றம் மட்டுமே தனியாளாக வேலை முடித்த உதாரணம் வேண்டும் என்றால், நாய்களிடம் போக வேண்டும். பூனைகளுக்குக் கடும் நோய் தரும் பார்வோ வைரஸ் ஒன்று வெகு காலமாக உண்டு, நாய்களை அது ஒன்றும் செய்ததில்லை. 1978இல் பல கண்டங்களில் ஒரே நேரத்தில் நாய்க்குட்டிகள் செத்து விழத் தொடங்கின. பார்த்தால் அதே பூனை வைரஸ் குடும்பம், வெளிக்கூட்டுப் புரதத்தில் ஒருசில அமினோ அமிலங்கள் மட்டும் மாறி, நாயின் செல் வாசலைத் திறக்கும் சாவியாகியிருந்தது. துண்டு மாற்றம் எதுவுமில்லை, வெறும் எழுத்துப் பிழைகள்தான். இரண்டு ஆண்டுக்குள் உலகம் முழுக்கப் பரவி, அதற்குள்ளேயே இன்னும் சில மாற்றங்கள் சேர்ந்த புதிய வடிவம் முதல் வடிவத்தை ஓரங்கட்டியது. இழந்திருந்த பூனை தொற்றும் திறனைக்கூட அந்தப் புதிய வடிவம் மீட்டுக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் இது டி.என்.ஏ. வைரஸ், பாடப்புத்தகக் கணக்குப்படி மெதுவாக மாற வேண்டிய ஜாதி. பார்வோ மாதிரி ஒற்றை இழை கொண்ட சிறிய வைரஸ்கள் அந்த விதிக்கு அடங்குவதில்லை.

மனிதர்களிடம் இதற்குக் கிட்டத்தில் வருவது சிக்குன்குனியா. அதன் மேற்புறப் புரதம் ஒன்றில் 226ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது, வழக்கமாகப் பரப்பும் கொசுவோடு புலிக்கொசுவும் அதை நன்றாகச் சுமக்க ஆரம்பித்தது. 2005–06இல் ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிட்டது. முக்கியமான விஷயம், இதே மாற்றம் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் இந்தியாவிலும் கேபோனிலும் தனித்தனியே தோன்றியது. புலிக்கொசு நிறைந்த இடத்தில் வைரஸ் போய் இறங்கியதும் மாற்றம் தானாகவே மேலே வந்தது. அதாவது காத்துக்கொண்டிருந்தது மாற்றத்துக்காக இல்லை, புலிக்கொசு இருக்கும் ஊருக்காக.

மனிதர்களிடம் ஏற்கெனவே சுற்றும் வைரஸ் உருமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒமைக்ரான் நல்ல சாட்சி. 2021 நவம்பரில் வந்தபோது ஸ்பைக் புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றங்கள். மாதம் இரண்டு என்ற கணக்கில் இது பொருந்தவே பொருந்தாது. எதிர்ப்பு சக்தி குறைந்த ஒருவர் உடம்பில் மாதக்கணக்கில் தங்கி, குறுகிய வாசலைத் தாண்டும் தேவையே இல்லாமல் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். தடுப்பூசி போட்டவர்களையும் முன்பு நோய் வந்தவர்களையும் மறுபடி தொற்றியது, நோயாளி எண்ணிக்கை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. ஆனால் அத்தனை மாற்றத்துக்குப் பிறகும் மக்கள் உடம்பில் இருந்த பழைய அறிமுகம் முழுதாக அழியவில்லை, கடுமையான நோயும் சாவும் தொற்றின் அளவுக்கு ஏறவில்லை. புதிய அலை வந்தது, புதிய பெருந்தொற்று வரவில்லை. ஃப்ளூவும் ஆண்டுதோறும் இதே மாதிரி நகர்கிறது, அதனால்தான் தடுப்பூசியில் எந்த வகை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை உட்கார்ந்து முடிவு செய்கிறது.

தட்டம்மை இதற்கு நேர் எதிர். அதுவும் ஆர்.என்.ஏ. வைரஸ், அதற்கும் பிழை ஏராளம். ஆனால் 1954இல் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து செய்த தடுப்பூசிகள் இன்றும் வேலை செய்கின்றன, ஏனென்றால் அதன் மேற்புறப் புரதங்களில் முக்கியமான இடங்களை மாற்றினால் செல்லுக்குள் நுழையும் திறனே போய்விடுகிறது. வேகமாக உருமாறும் வைரஸ் என்றாலே ஆபத்து என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

இனி "அடுத்த வருடமே வரலாமா" என்ற பகுதி. எல்லோர் மனத்திலும் இருப்பது எச்5என்1 பறவைக் காய்ச்சல். 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகெங்கும் 900 பேருக்கு மேல், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள் (லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வராததால் உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கும்). நெதர்லாந்தில் ரான் ஃபூஷியர் குழுவும், அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வுகள் பெரிய சர்ச்சையைக் கிளப்பின: ஃபெரெட் என்ற, கீரியைப் போலத் தோன்றும் பிராணிகளிடையே இந்த வைரஸ் காற்றில் பரவ, நான்கைந்து மாற்றங்கள் போதும். நான்கைந்துதானா என்று பயப்படலாம். ஆனால் ஒற்றை மாற்றம் போல இவை ஒரே உடம்பில் தற்செயலாக ஒன்றுசேராது, வாய்ப்புகளைப் பெருக்கும்போது எண் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு படியும் வைரஸுக்கு உடனடி லாபம் தந்தால்தான் அடுத்த படிக்கு ஏறும். கோழியின் குடலில் பிழைப்பு நடத்தும் வைரஸுக்கு மனிதத் தொண்டையைப் பற்றும் மாற்றத்தால் என்ன லாபம்?

அந்த வாதம்தான் 2024இல் கொஞ்சம் ஆட்டம் கண்டது. வைரஸ் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குள் புகுந்துவிட்டது. மாட்டின் மடியில் பறவை ஃப்ளூ பற்றும் பறவை வகைச் செல் வாசலும் மனித ஃப்ளூ பற்றும் மனித வகை வாசலும் இரண்டும் இருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஓர் ஆய்வு, மாட்டு வைரஸின் மேற்புறப் புரதத்தில் 226ஆவது இடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் (சிக்குன்குனியாவிலும் அதே எண், வெறும் தற்செயல்) அது மனித வகை வாசலைப் பற்றுகிறது என்று சோதனைக் குழாயில் காட்டியது. பரவுவதற்கு அது மட்டும் போதாது, உள்ளே பெருகும் நொதியும் மாற வேண்டும், துளியாகக் காற்றில் பறக்கும்போது தாக்குப்பிடிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் அந்த அலையில் தொற்றிய சுமார் 70 பேரில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததோடு சரி.

எனவே செய்தியில் "புதிய உருமாறிய வைரஸ் கண்டுபிடிப்பு" என்று வந்தால், எத்தனை மாற்றம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். விலங்குகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆட்களுக்கு, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, சங்கிலியாக நோய் வந்திருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். எச்5என்1 விஷயத்தில் 1997 முதல் ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருப்பது அந்தச் சங்கிலியைத்தான். நெருங்கிப் பராமரித்த குடும்பத்தாருக்குத் தொற்றியதாக ஒன்றிரண்டு கண்ணிகள் அங்கங்கே தட்டுப்பட்டன, எல்லாமே அந்த வீட்டோடு அறுந்து போயின.